மூணு புள்ளி ஆறு

தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. அவினாசி தாண்டுனதுல இருந்து மூணாவது தடவை பாக்கறீங்க, மூணு தடவையும் தோள் குலுங்கச் சிரிக்கறீங்க. பக்கத்து சீட்டுக்காரனுக்கும் கண்ணு இருக்குதல்ல. இப்ப என்ற மூஞ்சியைப் பாருங்க. இருங்க, கண்ணாடியைக் கழட்டிக்கறேன். தெரியுதுங்களா?

ஆமா. அந்த மஞ்சக் காருக்குள்ள வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கற ஆளு நான்தானுங்க.

போட்டோவெல்லாம் வேண்டாம், கையை எறக்குங்க. முந்தாநாள் பேக்கரியில ஒருத்தன் இப்படித்தான், டீ கிளாஸோட வந்து தோள்ல கையைப் போட்டுட்டான். முன்னப் பின்னத் தெரியாதவன். "தாத்தா, அந்தச் சிரிப்பை இன்னொருக்கா சிரிங்க"ங்கறான். தாத்தாவாம். எனக்கு அம்பத்தெட்டு வயசு, பேரு மாரப்பன். அந்தப் பேரை அந்த வீடியோவுல ஒரு எடத்துலயாவது போட்டிருக்கானுங்களா? தாத்தா. அவ்வளவுதான் நான்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். நான் சிரிக்கலை. அதுல இருக்கறது சிரிப்பே இல்லைங்க. சங்ககிரி வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குது. சொல்றேன், கேளுங்க. கேட்டதுக்கப்பறமும் சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க.

நான் அளக்கறவனுங்க. இருவத்தாறு வருஷம் பீளமேட்டுல ஒரு பம்பு கம்பெனியில டெஸ்டிங் செக்‌ஷன்ல இருந்தேன். மோட்டாரு எத்தனை லிட்டர் தண்ணி தள்ளுது, எத்தனை அடி ஒசரத்துக்குத் தள்ளுதுன்னு அளந்து கையெழுத்துப் போடறது வேலை. கடைசியில புது மேனேஜர் ஒருத்தர் வந்து, தண்ணி கம்மியாத் தள்ளற மோட்டாருக்குக் கையெழுத்துக் கேட்டாரு. போடலை. டிபன் பாக்ஸை எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். என்ற ஊட்டுக்காரி ஒரு வாரம் பேசலை. நானும் பேசலை.

அப்பறந்தான் கிரிதர் வந்தான். வயசு முப்பத்திரெண்டு, இந்த வேகமான காருகளை ஓட்டிப் பாத்து வீடியோ போடறவன். "சார், நாங்க சொல்ற நம்பரை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க, அளக்கறதுக்கு உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும்"னு வீடு தேடி வந்து கேட்டான். அவனாத்தான் கேட்டான். அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அளவுன்னா என்ன அளவு? நின்ன எடத்துல இருந்து கெளம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை செகண்டு ஆகுது. அவ்வளவுதான். நீங்க எல்லாரும் கார்ல வேகம் காட்டற முள்ளைப் பாத்துட்டு ஸ்டாப் வாட்ச்சை அமுத்துனா போதும்னு நெனைப்பீங்க. அந்த முள்ளு பொய் சொல்லும்ங்க. எல்லாக் கார்லயும் ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடவே காட்டும். உங்க வெரலும் பொய் சொல்லும். அதுக்குத்தான் என்ற பொட்டி. சோப்புப் பொட்டி அளவுதான் இருக்கும். கண்ணாடியில ஒட்டி, கூரை மேல ஒரு ஆன்டெனா வெச்சா, சேட்டிலைட்டைப் பாத்து ஒரு செகண்டுக்கு நூறு தடவை வேகத்தைக் குறிச்சுக்கும். அதோட முடிஞ்சுதா? காத்து ஒரு பக்கமா அடிக்கும், ரோடு ஒரு பக்கமாச் சரியும். அதனால போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா எடுத்துச் சராசரி போடோணும். டயர்ல காத்து எவ்வளவு, டேங்க்ல பெட்ரோல் எவ்வளவு, ஓட்டறவன் எடை எவ்வளவு, எல்லாம் எழுதோணும். அஞ்சு வருஷம் எழுதுனேன். எழுவத்தி மூணு காரு. ஒரு நம்பர் தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்லை.

மாசி மாசம் அந்த மஞ்சக் காரு வந்துச்சு. பல்லடத்துக்கு அக்கட்டால ஒரு மில்லுக்காரங்களுக்குச் சொந்தமான பழைய ரன்வே இருக்குது, காரும் அவிங்க காருதான். காலையில ஏழு மணிக்கே போயிட்டோம். ஓட்டறது ஜெரால்டு. ரேஸ் ஓட்டுன பையன், தங்கமான கை. வண்டி கெளம்பறப்ப டயர் சுத்தாம, எஞ்சினும் அமுங்காம, அந்த நூல் எடத்துல புடிக்கறது எல்லாருக்கும் வராது. போறப்ப மூணு புள்ளி ஆறு. வர்றப்ப மூணு புள்ளி ஆறு. மறுபடியும் எடுத்தேன். மூணு புள்ளி ஆறுதான்.

காரு கம்பெனிக்காரன் புத்தகத்துல மூணு புள்ளி மூணுன்னு போட்டிருக்கான்.

கிரிதர் வந்தான். மில்லுக்காரரு பையன் தள்ளி நின்னு பாத்துட்டு இருக்காரு. கிரிதர் மெதுவா, "சார், மொத ஒரு அடியை விட்டுட்டுக் கணக்குப் போடுங்க"ங்கறான்.

"எந்த ஒரு அடியைப்பா?"

"வண்டி கெளம்பற மொத ஒரு அடி. அமெரிக்காவுல அப்படித்தான் சார் பண்றாங்க. ஒரு அடி உருண்டதுக்கு அப்பறந்தான் கடிகாரம் ஓடும். அது அங்க பழக்கம்."

நான் சொன்னேன், "கிரிதர், அந்த ஒரு அடி தாண்டறப்ப வண்டி எட்டு கிலோமீட்டர் வேகத்துல போயிட்டிருக்குது. எட்டுல இருந்து நூறுன்னு போடு, நான் கையெழுத்துப் போடறேன். பூஜ்யத்துல இருந்து நூறுன்னு போட்டா அது பொய்யி."

"கால் செகண்டு சார். கால் செகண்டுக்கா இந்தப் பேச்சு?"

தம்பி, நீங்களே சொல்லுங்க. நிக்கற ஒண்ணரை டன்னு இரும்பைக் கெளப்பறதுதான் கஷ்டம். கஷ்டத்தையெல்லாம் அந்த ஒரு அடியிலதான் வண்டி படுது. அதைக் கணக்குல சேக்கமாட்டேன்னு சொன்னா அப்பறம் எதை அளக்கறது? கோவத்துல நோட்டை மூடிட்டேன்.

அப்பத்தான் ஜெரால்டு ஹெல்மெட்டைக் கழட்டிட்டுக் கேட்டான், "சார், இந்த அஞ்சு வருஷத்துல நீங்க ஒரு கார்லயாவது உக்காந்திருக்கீங்களா?"

உக்காந்ததில்லைங்க. எதுக்கு உக்காரோணும்? நான் உக்காந்தா அறுவத்தி எட்டுக் கிலோ கூடும், அளவு கெடும்.

கிரிதர் உடனே புடிச்சுக்கிட்டான். "அதான் சார் பிரச்சினை. நீங்க ஒருக்கா உக்காந்து பாருங்க. அதுக்கப்பறமும் மூணு புள்ளி ஆறுன்னு சொன்னீங்கன்னா நான் அதையே போட்டுடறேன்." சொன்னான். மில்லுக்காரரு பையன் முன்னாடி சொன்னான். நான் நம்பி உக்காந்தேன். டேஷ்போர்டுல கேமரா ஓடிட்டு இருக்கறதை எவனும் சொல்லலை.

பொட்டியை மடியில வெச்சுக்கிட்டேன். சீட்டு தொட்டில் மாதிரி இடுப்பைக் கவ்விக்குச்சு, பெல்ட்டை ஜெரால்டுதான் மாட்டிவிட்டான். "தலையைப் பின்னால ஒட்டி வெச்சுக்குங்க சார்"னான். ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்ஸிலேட்டர்ல. வண்டி நின்ன எடத்துலயே உறுமுது. முதுகுத்தண்டுல ஏறுது அந்தச் சத்தம். அப்பறம் பிரேக்கை விட்டான்.

எப்படிச் சொல்றது. ஒரு ஆளு முன்னால நின்னு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சுத் தள்ற மாதிரி. ஆனா வலிக்காது. உங்க எடை எத்தனையோ அத்தனை எடை உங்களைப் பின்னால அமுக்கும். வவுறு ஒரு நொடி பின்தங்கி நின்னுட்டு அப்பறமா ஓடி வந்து சேந்துக்கும். கண்ணு ஓரத்துல இருந்த புல்லு, சுவரு, கிரிதர் எல்லாம் கோடா ஆயிருச்சு. முன்னால இருக்கற ரோடு மட்டும் அப்படியே நிக்குது, அசையவே இல்லை. மூணே முக்கால் செகண்டு, என்ற எடையும் சேந்ததால. நெனைக்கறதுக்குக்கூட நேரமில்லைங்க. வீடு, வாசல், பம்பு கம்பெனி, எவன் என்ன சொன்னான், ஒண்ணும் ஞாபகத்துல இல்லை. மண்டைக்குள்ள ஊட்டிக் காத்து புகுந்த மாதிரி இருந்துச்சு.

அளவுக்காகச் சொல்றேன் இதெல்லாம்.

அப்பறம் திரும்பி வந்தோம். ஒரு தடவை எடுத்தா அது அளவு இல்லைங்க, அதனால இன்னொருக்கா போலாம்னேன். அதுல பொட்டி கொஞ்சம் நகந்துருச்சு, அதைச் சேத்துக்க முடியாது. மறுபடியும் எடுத்தோம். மொத்தம் ஏழு தடவை. ஜெரால்டு, "சார், டயர் போயிரும்"னான். நான்தான், அளவுன்னா அளவு, பாதியில விடக்கூடாதுன்னு சொன்னேன்.

எறங்கி வந்து கிரிதர்கிட்டச் சொன்னேன். "உக்காந்துட்டேன். மூணு புள்ளி ஆறுதான்." அவன் சரீங்க சார்னான்.

அஞ்சு நாள் கழிச்சு வீடியோ வந்துச்சு. நீங்க பாத்தீங்கல்ல, மொதல்ல என்ன எழுத்து வருது? மூணு புள்ளி மூணு. தீப்பத்தி எரியற எழுத்துல. நான் சொன்ன நம்பர் எங்கயும் இல்லை. நான் பேசுனதையெல்லாம் எடுத்துட்டு எதோ மேளச்சத்தத்தைப் போட்டு வெச்சிருக்கான். அப்பறம் கிரிதர் வந்து சொல்றான், "நம்ப முடியலையா? இந்தத் தாத்தா மூஞ்சியைப் பாருங்க, அதுவே சாட்சி"ன்னு. என்ற மூஞ்சி, தம்பி. இருவத்தாறு வருஷமும் இந்த அஞ்சு வருஷமும் பொய்க்குக் கையெழுத்துப் போடாதவன் மூஞ்சியை எடுத்து அந்தப் பொய்க்கே சாட்சியா ஒட்டிட்டான். இருவது லட்சம் பேர் பாத்தாச்சாம். இருவது லட்சம் பேருக்கும் மூணு புள்ளி மூணு.

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போயி பொட்டியை அவன் மேசை மேல வெச்சேன்.

"என்ன சார் இது? உங்களை ஊரே கொண்டாடுது, நீங்க கோவிச்சுக்கறீங்க."

"நீ என்ன வாக்குக் குடுத்தே?"

"சார், நம்பரை யாரு பாக்கறாங்க? எல்லாரும் உங்க சிரிப்பைத்தான் பாக்கறாங்க. கமெண்ட்டைப் படிங்க. எங்கப்பாவை இப்படிச் சிரிக்க வெக்கோணும்னு எத்தனை பேரு எழுதியிருக்காங்க தெரியுமா?"

"அது சிரிப்பில்லைடா. கன்னம் பின்னால போறப்ப வாய் விரியும். பல்லு தெரியும். அது விசை. யாரை உக்கார வெச்சாலும் அப்படித்தான் தெரியும்."

பக்கத்துல எடிட் பண்ற புள்ள வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்குச்சு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். இப்ப வேலை இல்லை. பரவால்லைங்க. எனக்கு அது பழக்கந்தான்.

வீட்டுக்கு வந்தா அங்க சமையக்கட்டுல இதே மேளச்சத்தம். என்ற ஊட்டுக்காரி கொழம்பைத் தாளிச்சுட்டே பாத்துட்டு இருக்கறா. "கல்யாணத்தன்னிக்குக்கூட இத்தனை பல்லு தெரியலீங்க"ங்கறா. அன்னிக்கு நான் சாப்பிடலை.

இப்ப எங்க போறேன்னுதானே கேக்கறீங்க? சங்ககிரிக்கு. என்ற பொண்ணு வாணி அங்கதான் இருக்கறா. கோகிலவாணி. அவளைப் பாத்து ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு. இப்ப ஒரு போன் வர்ற வரைக்கும் பேச்சும் இல்லை. கேளுங்க, அதையும் சொல்லிடறேன். அவ என்னைக் கேக்காம, எனக்குச் சொல்லாம, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. மாதேஷ்னு பையன், டேங்கர் லாரிக்கு மெக்கானிக். பையன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லைங்க. சொல்லலைங்கறதுதான் கோவம்.

அவளைக் கேட்டா, சொன்னேன்னுதான் சொல்லுவா. எப்பச் சொன்னா? ஒரு ஞாயித்துக்கெழமை நான் பொட்டிக்கு ஒயர் பத்த வெச்சுட்டு இருக்கறப்ப வந்து நின்னு, "அப்பா, ஒரு பையனைப் புடிச்சிருக்குதுங்கப்பா"ன்னா. நான் வேலையா இருக்கறேன், அது சேராதுங்க. அப்பறம் ஒருக்கா, ஒரு காரோட ரீடிங்கை நான் எழுதிட்டு இருக்கறப்ப வந்தா. கையைக் காட்டி இரும்மான்னு சொன்னேன். எழுதி முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அதை எப்படிச் சொன்னதாக் கணக்குல எடுக்கறது?

கடுதாசி ஒண்ணும் எழுதி வெச்சா. எங்க வெச்சா தெரியுங்களா? பொட்டி வெக்கற டப்பாவுல, பஞ்சுக்கு அடியில. நான் தினம் தொறக்கறது அதைத்தான்னு தெரியும் அவளுக்கு. நான் பொட்டியைச் சரிபாத்துத் தர்ற கேலிபரேஷன் சீட்டுன்னு நெனைச்சு, மடிப்பைப் பிரிக்காமயே ஃபைல்ல குத்தி வெச்சுட்டேன். எட்டு மாசம் கழிச்சுத்தான் பிரிச்சுப் பாத்தேன். வர்ற புதன்கெழமை காலையில பத்தரை மணிக்குக் கல்யாணம், நீங்க வந்து முன்னால நிக்கோணும்னு எழுதியிருந்தா. எட்டு மாசம் ஆயிருச்சே, அப்பறம் என்னத்தைப் பேசறது? நேர்ல வந்து மூஞ்சிக்கு நேரா ஒருக்கா சொல்லியிருக்கலாமல்ல? சொல்லியிருந்தா நான் என்ன தடுக்கவா போறேன்?

சரி, அதை விடுங்க. ரெண்டு வருஷம் மூணு மாசமா ஒரு போன் இல்லை. இந்த வீடியோ வந்த மூணாம் நாள் கூப்பிடறா.

"அப்பா."

"சொல்லு."

"வீடியோ பாத்தேனுங்கப்பா."

"அது பொய்யி."

"நீங்க சிரிச்சதுங்களா பொய்யி?"

"மூணு புள்ளி மூணு பொய்யி. நான் சிரிக்கவே இல்லை, அது விசை."

அப்பறம், "கடைசியில என்னங்கப்பா சொல்றீங்க? ஒதடு மட்டும் அசையுது. மேளச்சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. நூறு தடவை பாத்துட்டேன்"னா.

எனக்குக் கோவம் ஏறிருச்சு. நம்பரைத்தான் சொல்றேன், அதைத்தான் அந்தப் பாவி அழிச்சுட்டான்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன். வெச்சதுக்கப்பறம் தூக்கம் புடிக்கலை. என்ற பொண்ணே அதைச் சிரிப்புன்னு நெனைச்சுட்டான்னா, அப்பறம் ஊருல இருக்கறவன் நெனைக்கறதுல என்ன தப்பு? அதான் பொட்டி அன்னிக்குக் குறிச்ச ஏழு ஓட்டத்தோட கோட்டுப் படத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போறேன். இந்தக் கவர்லதான் இருக்குது. விசை ஏறுற செகண்டும் வாய் விரியற செகண்டும் ஒண்ணா இருக்கும். அதைக் காட்டிப் புரிய வெச்சுட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். நேத்து அவளுக்கு வர்றேன்னு மெசேஜ் மட்டும் போட்டேன்.

என்னங்க? கடைசியா? முழுசாப் பாக்கலைங்க. கிரிதர் வந்து சாட்சின்னு சொன்னதுமே நிறுத்திப்புடுவேன். எதுக்கு அதை முழுசாப் பாக்கோணும்?

போனைக் குடுங்க இப்படி.

இது ஏழாவது ஓட்டம். சட்டைக் காலர் மடங்கியிருக்குது பாருங்க. வண்டி போகுது. சரி. வாய் விரியுது, விசை. நான் சொன்னேனல்ல. இப்பப் பிரேக் புடிக்கறான். பிரேக் புடிச்சா ஒடம்பு முன்னால போவோணும். கன்னமும் முன்னால வரோணும்.

வண்டி நின்னுருச்சே.

கொஞ்சம் பின்னால தள்ளுங்க. எனக்கு இந்தப் போன் புடிபடாது. அங்கதான். நின்னுருச்சு. வெளிய சுவரு அசையலை. வேகம் பூஜ்யம். விசை ஒண்ணும் கெடையாது இந்த எடத்துல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... பதினோரு செகண்டு. பல்லு அப்படியே இருக்குது. கண்ணுல தண்ணி வேற.

அந்தக் கிரிதர் பாவி இதை மட்டும் ஏன் வெட்டாம விட்டான்?

இதுக்குத்தானா அவ கேட்டா. ஒதடு அசையுதே, அதைக் கேட்டிருக்கறா. நம்பர் இல்லைங்க. நம்பரைக் கீழ எறங்குனதுக்கப்பறந்தான் சொன்னேன். வண்டிக்குள்ள ஜெரால்டுகிட்ட வேற என்னமோ சொன்னேன். பெல்ட்டைக் கழட்ட வந்தான் அவன், கையைத் தட்டிவிட்டேன்.

ஞாபகம் வந்துருச்சு.

"என்ற பொண்ணை ஒருக்கா கூட்டியாந்து இதுல உக்கார வெக்கோணும் ஜெரால்டு, அவளுக்கு இது ரொம்பப் புடிக்கும்"னு சொன்னேனுங்க. அவன் சரீங்க சார்னான். சின்னதுல ராட்டினத்தை விட்டு எறங்க மாட்டா அவ. எறக்கிவிட்டா அழுவா. அந்த நெனைப்புல வாயில வந்துருச்சாட்ட இருக்குது. ரெண்டு வருஷம் பேசாத புள்ளையை எந்த நெனைப்புல நான் அப்படிச் சொன்னேன்?

கோவம் போச்சான்னு கேக்காதீங்க. போகலை. மூணு புள்ளி மூணு பொய்யி, அது பொய்யிதான். அதுல மாத்தமில்லை.

வாணிகிட்ட என்னத்தைச் சொல்றது? நானாப் போயி ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்? அவ மறுபடியும் கேக்கட்டும். கேட்டா சொல்லிடறேன். கேக்கலைன்னா... கேப்பா. நூறு தடவை பாத்தவ கேக்காமயா இருப்பா?

இது எந்த ஊருங்க, பாலம் வருது? சங்ககிரிங்களா அதுக்குள்ள? ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு சொன்னான் கண்டக்டரு.

அதோ, அந்தப் புளிய மரத்துக்குப் பக்கத்துல, பச்சைச் சுடிதார், அவதான் வாணி. கையைக் கண்ணுக்கு மேல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்குது பாருங்க. இந்த வெயில்ல எத்தனை நேரமா நிக்கறாளோ. எளைச்சுட்டா. பின்னால ஒரு பையன் தண்ணிப் பாட்டிலோட நிக்கறான், அவன்தான் மாதேஷாட்ட இருக்குது. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்.

கொஞ்சம் நகந்துக்குங்க தம்பி. கண்டக்டர், எறங்கற ஆள் இருக்குதுங்க. அவ இன்னும் என்னைப் பாக்கலை. கொஞ்சம் பொறுங்க, வண்டியை எடுத்துறாதீங்க.